பழைய காரும் 555 புத்தகமும்: கிளாசிக் கார் நல்ல முதலீடுதானா?

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் போன மாதம் ஒரு படம் அனுப்பினான். வெள்ளை நிறத்தில், மலேசியாவின் சொந்தத் தயாரிப்பான முதல் தலைமுறைப் புரோட்டோன் சாகா கார். முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையில் 12,000 ரிங்கிட் என்று விலை. கூடவே ஒரு குரல் பதிவு: “அண்ணே, பழைய சாகாவுக்கு இப்ப நல்ல மவுசாம். வாங்கிப் போட்டா அஞ்சு வருசத்துல ரெண்டு மடங்காயிருமாம். பேங்க்ல சும்மா கெடக்குற காசுதானே, வாங்கிரட்டுமா?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போய் அவருடைய 555 புத்தகத்தைக் கேட்டு வாங்கி வந்தேன். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சின்ன நோட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மளிகைக் கடைக் கடன் முதல் சீட்டுக் காசு வரை நம் வீடுகளின் வரவு செலவெல்லாம் அதில்தான் எழுதப்பட்டது. மாமா தன்னுடைய மோரிஸ் மைனர் காருக்குச் செலவழித்த ஒவ்வொரு வெள்ளியையும் (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) அதில் எழுதி வைத்திருந்தார். பதினைந்து வருடக் கணக்கு. தம்பியின் கேள்விக்கு அதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும் என்று தோன்றியது.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். வீடு வாங்கினால் வாடகை வரும். பங்கு வாங்கினால் லாப ஈவு வரும். சேமநிதியில் போட்டால் ஆண்டுக்கு ஒருமுறை டிவிடெண்ட் ஏறும். பழைய காரில் இப்படி எதுவும் வராது. அது கொட்டகையில் நிற்கும் வரை ஒரு காசு தராது, நம்மிடமிருந்துதான் வாங்கிக்கொண்டிருக்கும். லாபம் வருவதற்கு ஒரே வழி, நாம் கொடுத்ததைவிட அதிக விலைக்கு இன்னொருவர் அதைக் கேட்க வேண்டும். ஆகவே “கார் ஏறுமா?” என்று கேட்டால் போதாது. நாளைக்கு இதை ஆசைப்பட்டுக் கேட்கப்போவது யார், அதுவரை வைத்திருக்க எனக்கு எவ்வளவு ஆகும் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சாதாரணக் கார் கடையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்தே விலை இறங்கும். பத்து, பதினைந்து வருடம் இறங்கிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் அடித்தளத்தில் நிற்கும். பெரும்பாலான வண்டிகளின் கதை அதோடு பழைய இரும்புக் கடையில் முடிந்துவிடும். ஒரு சில மாடல்களுக்கு மட்டும் அதற்குப் பிறகு விலை மெல்ல ஏற ஆரம்பிக்கும். அந்தச் சிலவற்றைத்தான் கிளாசிக் என்கிறோம். வெறுமனே வயதாகிவிட்டதால் எந்தக் காரும் கிளாசிக் ஆகிவிடாது.

பழைய கார் முதலீடு என்றதும் எல்லாரும் சொல்லும் பெயர் ஃபெராரி 250 ஜிடிஓ. 1962 முதல் 1964 வரை மொத்தமே 36 வண்டிகள்தான் செய்தார்கள். அதில் ஒன்று 2018-இல் அமெரிக்காவில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2023-இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று 5 கோடியே 17 லட்சம் டாலரைத் தொட்டது. அதையும் மிஞ்சியது 1955-இல் மெர்சிடிஸ் செய்த 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூப்பே. இரண்டே இரண்டுதான் உண்டு. 2022-இல் அதில் ஒன்று 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு விற்றது. கேட்கும்போதே வாய் பிளக்கிறது.

ஆனால் அந்த ஜிடிஓவின் முழுக் கதையையும் யாரும் சொல்வதில்லை. 1960களின் கடைசியில் அது பந்தயத்துக்கு ஆகாத பழைய வண்டியாகி, சில ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. 1980களின் இறுதியில் ஜப்பானில் காசு கரைபுரண்டு ஓடியபோது விலை ஒரு கோடி டாலரையும் தாண்டியது. 1990க்குப் பிறகு அந்தக் குமிழி உடைந்ததும் சில வருடத்திலேயே பாதிக்கும் கீழே போனது. உச்சத்தில் வாங்கியவர் தன் காசைத் திரும்பப் பார்க்கப் பல வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. உலகத்திலேயே சிறந்த கிளாசிக் காருக்கே இதுதான் நிலைமை. இன்னொன்றும் உண்டு. ஏலத்தில் கோடிக்குப் போன வண்டிதான் செய்தியாகிறது. அதே வருடம் வாங்கியவர் நஷ்டத்துக்குத் தள்ளிவிட்ட ஆயிரம் வண்டிகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வென்றவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் எந்தச் சூதாட்டமும் நல்ல முதலீடாகத்தான் தெரியும்.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. மோரிஸ் மைனர் 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை 16 லட்சத்துக்கு மேல் தயாரானது. ஃபோக்ஸ்வாகன் வண்டு 2003-இல் மெக்சிகோவில் உற்பத்தி நிற்கும் வரை 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல். மெர்சிடிஸ் டபிள்யூ 123 கிட்டத்தட்ட 27 லட்சம். இத்தனை செய்தும் இவற்றுக்கு இன்றைக்கும் ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சில மாடல்கள் நூற்றுக்கணக்கில்தான் வந்திருக்கும், ஆனால் சீண்ட ஆளிருக்காது. அரிதாக இருப்பதோடு யாராவது அதைத் தேடிக்கொண்டும் இருக்க வேண்டும்.

அந்தத் தேடலுக்கு வயது உண்டு. பதினைந்து வயதில் எந்தக் காரைப் பார்த்து ஏங்கினோமோ, நாற்பத்தைந்து வயதில் கையில் காசு வரும்போது அதைத்தான் வாங்கத் தோன்றும். தோட்டத்தில் துரை ஓட்டியதையும் ஊரில் டாக்டர் ஓட்டியதையும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு மோரிஸ், ஆஸ்டின். அவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. வாங்குகிறவர்களைவிட விற்கிறவர்கள் கூடும்போது விலை என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. என் தம்பி வயதுக்காரர்களுக்குச் சாகாதான் நினைவு. 1985 ஜூலை 9-ஆம் தேதி அறிமுகமான வண்டி. மிட்சுபிஷியின் லேன்சர் பியோரேவை அடிப்படையாக வைத்துச் செய்தது, 1.3 லிட்டர் இன்ஜின். அதே ஆண்டு பினாங்குப் பாலம் திறந்தபோது அன்றைய பிரதமர் மகாதீர் ஒரு சாகாவைத்தான் அதன் மேல் ஓட்டிப் போனார். முதல் சாகா இப்போது கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எத்தனையோ நம் குடும்பங்களுக்கு அதுதான் முதல் புதுக் கார். அதனால் தம்பி காதில் விழுந்த “மவுசு” முழுப் பொய் இல்லை. அந்த ஏக்கத்துக்குக் காரணம் இருக்கிறது.

சரி, இப்போது 555 புத்தகத்துக்கு வருவோம்.

மாமா 2006 தொடக்கத்தில் அந்த மோரிஸ் மைனரை 6,000 ரிங்கிட்டுக்கு வாங்கினார். 2021 தொடக்கத்தில் 21,000 ரிங்கிட்டுக்கு விற்றார். குடும்பத்தில் எல்லாரும் “மாமா கெட்டிக்காரர், மூணரை மடங்கு பார்த்துட்டார்” என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். புத்தகத்தைப் பிரித்துக் கூட்டிப் பார்க்கும் வரை.

தகர வேலைக்கும் பெயின்ட்டுக்கும் 7,200. இன்ஜினைப் பிரித்துச் செய்ததற்கு 3,600. இருக்கைக்கும் உள்கூரைத் துணிக்கும் 1,700. இரண்டு முறை டயர் மாற்ற 1,400. பதினைந்து வருடச் சாலை வரி, இன்சூரன்ஸ் 4,500. கடைசியாக மாமா தன் கையெழுத்தில் “சில்லறை” என்று போட்டிருந்த பக்கங்கள்: கார்பரேட்டர், பிரேக், பேட்டரி, வயரிங், இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ரப்பர் பீடிங். அந்தச் சில்லறை மட்டும் 7,800. எல்லாம் சேர்த்தால் 26,200. வாங்கிய விலையோடு 32,200. விற்றது 21,000. ஆக, மூன்றரை மடங்கு லாபம் என்று நாங்கள் பெருமைப்பட்ட வண்டி, உண்மையில் 11,200 ரிங்கிட் நஷ்டம்.

இந்தச் செலவுக்கு வைத்திருக்கும் செலவு என்று பெயர். கிளாசிக் கார் பேச்சில் எப்போதும் விட்டுப்போவது இதுதான். விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழித்துவிட்டு அதையே லாபம் என்கிறோம். நடுவில் போன காசு பத்தும் இருபதுமாகப் போனதால் கண்ணில் படுவதில்லை. மாமா மட்டும் எழுதி வைக்காமல் இருந்திருந்தால் எங்களுக்கும் தெரிந்திருக்காது.

அடுத்து, இழந்த வாய்ப்பு. அந்த 6,000 வேறு எங்கே இருந்திருக்கலாம்? நம் ஊரில் இதற்கு நல்ல அளவுகோல் ஊழியர் சேமநிதி, அதாவது இபிஎஃப். 2006-இலிருந்து 2020 வரை அதன் வழக்கமான சேமிப்புக்கான டிவிடெண்ட் 2008-இல் மிகக் குறைவாக 4.50 விழுக்காடு, 2017-இல் மிக அதிகமாக 6.90 விழுக்காடு. ஒவ்வொரு வருட விகிதத்தையும் வரிசையாகப் பெருக்கிப் பார்த்தேன். 6,000 ஏறத்தாழ 14,100 ஆகியிருக்கும். பெயின்ட் அடிக்க வேண்டியதில்லை, நனையுமே என்ற கவலையும் இல்லை.

இதே கணக்கைத் தம்பியின் சாகாவுக்குப் போட்டபோதுதான் எனக்கே ஆச்சரியம். 2020 முதல் 2024 வரை இபிஎஃப் கொடுத்தது 5.20, 6.10, 5.35, 5.50, 6.30 விழுக்காடு. இந்த ஐந்து வருடத்தில் 12,000 ரிங்கிட் சுமார் 15,800 ஆகியிருக்கும். சாகாவுக்கு ஆண்டுக்கு 1,500 என்று குறைத்தே வைத்தாலும் ஐந்து வருடத்துக்கு 7,500. அப்படியானால் போட்ட காசு திரும்பவே 19,500க்கு விற்க வேண்டும். இபிஎஃப்போடு சமமாக நிற்க 23,300. “ரெண்டு மடங்கு” என்றால் 24,000. யாரோ சொன்ன அந்தக் கனவு அப்படியே பலித்தாலும், அவன் ஒன்றும் செய்யாமல் சேமநிதியில் போட்டதைவிட எழுநூறு வெள்ளிதான் கூடக் கிடைக்கும். பலிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவனே பார்த்துக்கொள்ளலாம்.

மாமாவுக்கு நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 11,200 நஷ்டத்தை 180 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 62 ரிங்கிட். அந்தக் காசுக்கு அவர் பதினைந்து வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் தனக்குப் பிடித்த வண்டியை ஓட்டினார். அத்தையை உட்கார வைத்துப் பத்துமலைக்குப் போய் வந்தார். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வண்டியும் அதுதான். பொழுதுபோக்கு என்று பார்த்தால் இவ்வளவு மலிவாக வேறெதுவும் கிடைக்காது. முதலீடு என்று பார்த்தால்தான் தோல்வி. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் நமக்குக் குழப்பம் வருகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத்தான் போகிறேன் என்றால், விலையைத் தீர்மானிப்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும். முதலாவது துரு. பினாங்கில் உப்புக் காற்று, கோலாலம்பூரில் நாள் தவறாத மழை. நம் ஊரில் தகரம்தான் முதலில் சாகும். இன்ஜினைக் கழற்றிச் செய்துவிடலாம், அடித்தகரம் போய்விட்டால் செலவுக்கு எல்லையே இல்லை.

மாமா எனக்குக் காட்டிக்கொடுத்த வழி ஒன்று உண்டு. ஐஸ் பெட்டியில் ஒட்டும் சின்னக் காந்தம், அதைச் சுற்றி ஒரு மெல்லிய துணி. பெயின்ட்டில் கீறல் விழாமல் இருக்கத்தான் துணி. கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தில் அதை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனால், நல்ல தகரத்தில் பிடித்து இழுப்பது விரலுக்குத் தெரியும். சட்டென்று ஓரிடத்தில் பிடி விட்டுப்போய்க் காந்தம் வழுக்கும். அங்கே தகரம் இல்லை, பூசி மெழுகிய புட்டிதான் இருக்கிறது என்று அர்த்தம். சக்கர வளைவின் உட்பக்கம், பூட் பாயைத் தூக்கினால் தெரியும் தரை, பேட்டரி உட்காரும் தட்டின் அடி, முன் கண்ணாடி ரப்பரின் ஓரம், இந்த நான்கு இடத்தையும் விடக்கூடாது. புதுப் பெயின்ட் மின்னுகிற வண்டியைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் சந்தேகம்தான் அதிகம் வரும்.

இரண்டாவது, காகிதம். இங்கே கெரான் என்கிறோமே, அந்தப் பதிவுச் சான்றில் இருக்கும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். நம் ஊரில் இது பெரிய சிக்கல். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கிய ஹாஃப் கட் வண்டிகளின் இன்ஜின்களைப் பழைய கார்களில் பூட்டிக்கொள்வது ரொம்ப காலமாக நடக்கிறது. ஓட்டுவதற்கு அது நன்றாக இருக்கலாம். ஆனால் தொழிற்சாலையில் பிறந்தபோது இருந்த அதே இன்ஜினோடு இருக்கும் வண்டிக்குத்தான் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள். மாற்றியதைச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதியாமல் விட்டிருந்தால் பெயர் மாற்றப் பரிசோதனையிலேயே வண்டி நின்றுவிடும். வெட்டி ஒட்டிய வண்டியாக இருந்தால் கையில் இருப்பது வெறும் தலைவலி. பழைய ரசீது, முதல் உரிமையாளரின் பெயர், சர்வீஸ் புத்தகம் என்று ஒரு கட்டுக் காகிதம் இருந்தால் அதற்கே தனி மதிப்பு.

இந்த இடத்தில் வண்டி எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலேசியாவில் எண் பலகையே தனிச் சொத்து. ஒற்றை இலக்கமோ இரட்டை இலக்கமோ உள்ள பழைய எண்ணாக இருந்தால், வண்டியைவிட எண்ணுக்கு அதிகம் கேட்பார்கள். அதை வேறு வண்டிக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். ஆகவே விலை சொல்லும்போது எண் சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்சூரன்ஸும் புதியவர்கள் யோசிக்காத விஷயம். வயதான வண்டிக்குப் பல நிறுவனங்கள் மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டுமே தரும். வண்டி திருடு போனாலோ எரிந்துபோனாலோ அதில் ஒரு காசும் வராது. முழுக் காப்பீடு கிடைத்தாலும், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்கா அல்லது அன்றைய சந்தை மதிப்புக்கா என்று கேட்க வேண்டும். பின்னதாக இருந்தால் நீங்கள் பெயின்ட்டுக்குப் போட்ட ஏழாயிரம் கணக்கிலேயே வராது. வெள்ளத்துக்குத் தனியாகக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை வரை தண்ணீரில் நின்ற கார்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பணமாக்குவதும் சுலபமில்லை. யூனிட் டிரஸ்டை, அதாவது பரஸ்பர நிதியை விற்றால் சில நாளில் காசு வந்துவிடும். பழைய காருக்கு அதே பைத்தியம் பிடித்த ஒருவர் வர வேண்டும், அதுவும் கையில் ரொக்கத்தோடு. இவ்வளவு வயதான வண்டிக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. மாமாவுக்கு விற்க எட்டு மாதம் ஆனது. அவசரத்துக்கு உதவாத காசை மட்டும்தான் இதில் போடலாம். ஓட்டாமல் வைத்திருந்தாலும் செலவு நிற்காது. பேட்டரி இறங்கும், டாங்கியில் பெட்ரோல் கெட்டு கார்பரேட்டரை அடைக்கும், ரப்பரெல்லாம் காய்ந்து வெடிக்கும்.

அரசாங்கக் கொள்கையும் ஒரு நாள் மாறலாம். 2009-இல் 15 வயது தாண்டிய வண்டிகள் சாலை வரி புதுப்பிக்கக் கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று அறிவித்தார்கள். மக்கள் எதிர்ப்புக் கிளம்பியதும் அதைக் கைவிட்டார்கள். வரியைப் பொறுத்தவரை, சொந்தக் காரை எப்போதாவது ஒருமுறை விற்று வரும் லாபத்துக்குத் தனி வரி இல்லை. ஆனால் வாங்குவதும் விற்பதுமாகவே இருந்தால் அதை வியாபார வருமானமாக எடுத்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் தம்பிக்கு ஒரு மணி நேரம் போனில் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். அடுத்த ஞாயிறு பட்டர்வொர்த்துக்குப் போய் அந்த வெள்ளைச் சாகாவைப் பார்த்திருக்கிறான். தனக்குத் தெரிந்த போர்மேன் (கார் மெக்கானிக்) ஒருவரையும் அழைத்துப் போனான். காந்தம் பெரும்பாலும் பிடித்ததாம். ஆனால் கெரானில் 1.3 என்று இருக்க, உள்ளே இருந்தது 1.5 லிட்டர் இன்ஜின், எண்ணும் வேறு. விற்பவர் “சின்ன விஷயம் தம்பி, ஆயிரம் வெள்ளி குறைச்சுக்குறேன்” என்றாராம். “நீங்களே ஜேபிஜேயில பதிஞ்சுட்டுக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். இதுவரை அவர் கூப்பிடவில்லை.

நேற்று மறுபடி ஒரு படம் வந்தது. புக்கிட் மெர்தாஜாமில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய வண்டி. 1987 சாகா, ஒரே உரிமையாளர், 9,500 ரிங்கிட். “காசு வருதோ இல்லையோண்ணே, அப்பா ஓட்டுன காடி மாதிரியே இருக்கு. மாசம் அறுபது, எழுபது வெள்ளி போனாலும் பரவால்ல” என்றான். அப்படியானால் மழை பெய்யும் நாளாகப் பார்த்துப் போகலாம், எங்கே ஒழுகுகிறது என்று தெரியும் என்றேன். சனிக்கிழமை நானும் பினாங்குக்குப் போகிறேன். காந்தத்தையும் துணியையும், புதிதாக வாங்கிய ஒரு 555 புத்தகத்தையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.